ஆக்டினிக் கெரட்டோசிஸ்: உறைய வைப்பதா, களிம்பா, கொஞ்சம் காத்திருப்பதா?

நெற்றியில், வழுக்கைத் தலையில், காது மடலில், புறங்கையில் ஒரு சொரசொரப்பு. பார்த்தால் லேசான சிவப்போ பழுப்போ தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது. விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி உரசும். சுரண்டினால் உதிர்ந்துவிட்டு, சில நாளில் அதே இடத்தில் மறுபடி வரும். பல ஆண்டு வெயில் தோலில் சேர்த்துவைத்த சேதம் இது. வெளிர்நிறத் தோல் உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும், வெட்டவெளியில் உழைத்தவர்களுக்கும் அதிகம் வரும். கருநிறத் தோலில் அரிது. ஆனால் நிறமிக் குறைபாட்டோடு, அதாவது ஆல்பினிசத்தோடு பிறந்தவர்களுக்கு இளவயதிலேயே வந்துவிடும்.

மருத்துவர் இதற்கு ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்று பெயர் சொல்லி, "புற்றுநோய்க்கு முந்தைய நிலை" என்றும் சேர்த்துச் சொல்வார். அதற்குப் பிறகு அவர் சொல்லும் பலவும் நோயாளியின் மனதில் பதிவதில்லை. "எதுவாக இருந்தாலும் செய்துவிடுங்கள் டாக்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். மருத்துவரும் கைக்குப் பழகிய ஒரு சிகிச்சையைச் செய்து அனுப்பிவிடுகிறார். இந்த நோயில் இப்படி நடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் இதில் அவசரம் பெரும்பாலும் இல்லை. வழிகள் நிறைய இருக்கின்றன. எந்த மருந்துக்கு வீரியம் அதிகம் என்பது மருத்துவருக்குத் தெரியும். எந்தச் சிகிச்சையைக் கடைசி நாள்வரை தாங்கி முடிக்க முடியும் என்பது நோயாளிக்குத்தான் தெரியும். இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் முடிவு தவறிப்போக வாய்ப்பிருக்கிறது.

எனவே ஒவ்வொரு வழியையும் அதன் பலனோடும், அது கேட்கும் விலையோடும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். விலை என்று நான் சொல்வது பணத்தை அல்ல: வலி, நாட்கள், முகத்தின் தோற்றம், மறுபடி வரும் வாய்ப்பு.

முதல் கேள்வி: இப்போதே சிகிச்சை தேவையா?

இந்தப் புள்ளிகளில் சில ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோயாக மாறக்கூடும். எத்தனை மாறும்? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புள்ளி ஓராண்டுக்குள் அப்படி மாறும் வாய்ப்பு 0.6 சதவீதம், நான்கு ஆண்டுகளில் சுமார் 2.6 சதவீதம். அவர்கள் ஏற்கெனவே தோல் புற்றுநோய் ஆபத்து அதிகம் உள்ளவர்கள். அதே ஆய்வில், கண்ட புள்ளிகளில் பாதிக்கு மேல் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது காணவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டு ஆய்வுரையும் தானாக மறையும் விகிதத்தை 15 முதல் 63 சதவீதம் என்று சொல்கிறது. மறைந்தவற்றில் சில திரும்பி வருவதும் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இவை ஒரு புள்ளிக்கான கணக்கு, ஒரு மனிதருக்கான கணக்கு அல்ல. தலையில் இரண்டு புள்ளி இருப்பவரும் முப்பது புள்ளி இருப்பவரும் ஒரே ஆபத்தில் இல்லை. எந்தப் புள்ளி மாறும், எது மறையும் என்று பார்த்துச் சொல்லவும் வழியில்லை. சிகிச்சை செய்யச் சொல்வதற்கு முக்கியமான காரணமே அதுதான்.

சரி, யார் காத்திருக்கக் கூடாது? உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், சில வகை ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள், ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்தவர்கள், கீழுதட்டில் இந்த மாற்றம் உள்ளவர்கள். அப்புறம், ஒரு புள்ளி தடித்து அடியில் கட்டியாகத் தட்டுப்பட்டாலோ, தொட்டால் வலித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, புண்ணாகி ஆறாமல் இருந்தாலோ, களிம்பா உறைய வைப்பதா என்ற பேச்சே அப்போது கிடையாது. முதலில் பயாப்சி, அதாவது சிறு துண்டு எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பது.

காத்திருப்பது யாருக்குப் பொருந்தும்? மெல்லிய புள்ளிகள் இரண்டு மூன்று மட்டும் உள்ளவர், வேறு ஆபத்துக் காரணம் இல்லாதவர், வெயிலிலிருந்து தோலைக் காக்கத் தயாராக இருப்பவர், சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்கு வருபவர். மிகவும் முதிர்ந்து, வேறு பெரிய நோய்களோடு போராடுகிறவருக்கும் இது நியாயமான முடிவுதான். ஒரு மாதம் முகம் எரிய எரியப் பெறும் பலன் அவருக்கு எட்டும் தூரத்தில் இல்லாமல் இருக்கலாம். காத்திருப்பதை மருத்துவர் ஒரு வழியாகவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டால் அப்படி ஒரு வழி இருப்பதே நோயாளிக்குத் தெரியாது.

ஒன்றிரண்டு புள்ளிகள் என்றால்

இங்கே பெரிய யோசனை தேவையில்லை. திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது, அதாவது கிரையோதெரபி, பெரும்பாலும் போதும். மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவத்தைச் சில விநாடிகள் பீய்ச்சுவார்கள். சுருக்கென்று வலிக்கும், கொப்புளம் வரலாம், பக்கு கட்டி உதிரும். முகத்தில் ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். வீட்டில் எந்த வேலையும் இல்லை என்பதுதான் இதன் பெரிய வசதி.

எத்தனை விநாடி என்பதில்தான் பலன் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், 5 விநாடிக்குக் குறைவாக உறைய வைத்த புள்ளிகளில் 39 சதவீதம்தான் முழுதாக மறைந்தன. 20 விநாடிக்கு மேல் உறைய வைத்தவற்றில் 83 சதவீதம். ஆனால் விநாடி கூடக்கூட அந்த இடம் வெளுத்துப்போகும் வாய்ப்பும் கூடுகிறது. மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் அந்த வெளுப்பு எடுப்பாகத் தெரியும், நிரந்தரமாகவும் நிற்கலாம். கன்னத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு சிலருக்குப் பொருட்டே இல்லை. வேறு சிலருக்கு அந்தச் சொரசொரப்பைவிட அதுதான் பெரிய துன்பம். இதைக் கேட்காமல் பீய்ச்சுகுழலைக் கையில் எடுக்கக் கூடாது.

தடித்த ஒற்றைப் புள்ளியை மரத்துப்போகச் செய்து சுரண்டி எடுப்பதும் உண்டு. எடுத்த திசுவை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும் என்பதால், சந்தேகம் இருக்கும் இடத்தில் எனக்கு இதுவே மேலாகப் படுகிறது. உறைய வைத்தால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது.

பரவலாக இருந்தால்

தலை முழுக்கவோ நெற்றி முழுக்கவோ புள்ளிகள் இருந்தால் கணக்கு மாறுகிறது. கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளுக்கு நடுவே நன்றாக இருப்பதுபோல் தெரியும் தோலிலும் சேதமடைந்த செல்கள் இருக்கும். தெரிவதை மட்டும் உறைய வைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு வருகையிலும் புதிதாகச் சில முளைத்திருக்கும். அந்தப் பரப்பு முழுவதற்கும் சிகிச்சை செய்வதுதான் இங்கே பொருத்தம்.

இதில் நமக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள ஒப்பீடு நெதர்லாந்தின் நான்கு மருத்துவமனைகளில் 624 பேரிடம் நடந்து 2019-இல் வெளியானது. தலைப்பகுதியில் ஐந்தோ அதற்கு மேலோ புள்ளிகள் உள்ளவர்களை நான்கு குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். புள்ளிகள் நான்கில் மூன்று பங்காவது குறைந்து, ஓராண்டுவரை அப்படியே நிலைத்தவர்கள்: 5 சதவீத ஃப்ளூரோயுராசில் கிரீமில் 100-க்கு சுமார் 75 பேர், இமிக்விமோட் கிரீமில் 54, கிரீம் பூசி ஒளி பாய்ச்சும் ஒளியியக்க சிகிச்சையில் 38, இஞ்செனால் மெபுடேட் என்ற ஜெல்லில் 29. கடைசியாகச் சொன்ன மருந்து, தோல் புற்றுநோயைக் கூட்டுமோ என்ற கவலையில் 2020-இல் ஐரோப்பாவில் விலக்கப்பட்டது. ஆகவே அதை இனி எண்ணவே வேண்டாம்.

இந்த எண்களைப் பார்த்தால் கேள்வி முடிந்தது போலத் தோன்றும். ஃப்ளூரோயுராசில் வென்றுவிட்டது, எல்லோருக்கும் அதையே எழுதலாமே? அதைப் பூசுவது எப்படியிருக்கும் என்று தெரிந்தபின் முடிவு செய்யலாம்.

நாளுக்கு இருமுறை, நான்கு வாரம். முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியாது. முதல் வாரக் கடைசியில் சிவக்கும். இரண்டாம் வாரம் எரியும், அரிக்கும். மூன்றாம் நான்காம் வாரங்களில் தோல் உரிந்து, பக்கு கட்டி, சிலருக்கு நீர் கசிந்து, கண்ணாடியில் பார்க்கவே பிடிக்காத நிலை வரும். சேதமடைந்த செல்களை மருந்து கொல்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நிறுத்தியபின் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறும். இதை முன்பே சொல்லாமல் குழாயை மட்டும் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? "அலர்ஜி ஆகிவிட்டது" என்று பத்தாம் நாளே பூசுவதை நிறுத்திவிடுவார்கள். எரிச்சலையும் அனுபவித்தாயிற்று, பலனும் முழுதாகக் கிடைக்கவில்லை. மூன்றாம் வாரத்தில் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு புகைப்படத்தை முதல் நாளே காட்டுவது, அச்சடித்த பத்துப் பக்க விளக்கத்தைவிட மேல்.

அதே நெதர்லாந்து ஆய்வில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. மருந்தைச் சொன்னபடியே முழுக்கப் பயன்படுத்தியவர்கள் ஒளியியக்க சிகிச்சையில் சுமார் 97 சதவீதம், ஃப்ளூரோயுராசிலில் சுமார் 89 சதவீதம். ஆய்வுக்குள் இருந்து ஃப்ளூரோயுராசில் பூசியவர்களிலேயே பத்தில் ஒருவருக்கு மேல் முழுதாக முடிக்கவில்லை. ஆனால் ஓராண்டு கழித்துக் கேட்டபோது, திருப்தி அதிகமாக இருந்ததும் அதே ஃப்ளூரோயுராசில் குழுவில்தான். அந்த வாரங்கள் கடினமானவை, ஆனால் கடந்து வந்தவர்கள் வருந்தவில்லை. நோயாளியிடம் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் பயமுறுத்துவதாகும், இரண்டாவதை மட்டும் சொன்னால் ஏமாற்றுவதாகும்.

இதன் பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இன்னொரு ஆய்வு உதவுகிறது. அமெரிக்காவில் ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்திருந்த 932 முன்னாள் படைவீரர்களில் ஒரு பாதிப் பேர் முகத்திலும் காதிலும் ஒருமுறை இந்த கிரீமைப் பூசி முடித்தார்கள். முதல் ஆண்டில், அறுவை தேவைப்பட்ட ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் அவர்களில் 1 சதவீதம் பேருக்கு வந்தது; மருந்தில்லாத கிரீம் பூசியவர்களில் 4 சதவீதம் பேருக்கு. நான்கு ஆண்டுகள் மொத்தமாகப் பார்த்தபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை. ஒருமுறை பூசி ஆயுளுக்கும் தப்பிக்கும் மருந்தல்ல இது. ஆபத்து அதிகம் உள்ளவர் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரலாம். அப்படியென்றால் முதல் முறையே வெறுத்துப்போகாதபடி நடத்துவது எவ்வளவு முக்கியம் பாருங்கள்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. கர்ப்பமாக இருப்பவர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது. இந்த மருந்தை உடைக்கும் டிபிடி என்ற நொதி உடலில் இல்லாதவர்களுக்கும் ஆகாது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கிரீம் பூசிய இடத்தை நக்கவிடக் கூடாது, குழாயை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மிகக் குறைந்த அளவே அவற்றின் உயிரைப் பறித்துவிடும். வீட்டில் பிராணி இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் எல்லா மருத்துவருக்கும் இல்லை. கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நான்கு வாரம் முடியாது என்பவர்களுக்கு

இமிக்விமோட் அதே மாதிரி எரிச்சல் தருவது. வாரத்தில் சில நாள் மட்டும் பூசுவது. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி வேலை செய்வதால் சிலருக்குக் காய்ச்சல், உடம்புவலி, அசதி வரும். உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்களிடம் எச்சரிக்கையாகவே பயன்படுத்துவார்கள். டைக்ளோஃபெனக் ஜெல் மென்மையானது, தோலை அவ்வளவு படுத்தாது. ஆனால் பலன் குறைவு, இரண்டு மூன்று மாதம் தினமும் இருவேளை பூச வேண்டும். நீளமான சிகிச்சைகள் பாதியில் நின்றுபோகும் என்பதால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. வேறெதையும் தாங்காத தோல் உள்ளவருக்கு இது இருக்கட்டும்.

ஒளியியக்க சிகிச்சையில் ஒரு கிரீமைப் பூசுவார்கள். சேதமடைந்த செல்களில் அது ஒளிக்கு எதிர்வினை காட்டும் பொருளாக மாறிச் சேரும். சுமார் மூன்று மணி நேரம் கழித்துச் சிவப்பு ஒளி பாய்ச்சும்போது அந்தச் செல்கள் அழியும். ஒளி படும் நிமிடங்களில் வலி கடுமையாக இருக்கலாம். நடுவில் நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. இதற்கு மாற்றாகப் பகலொளி முறை வந்தது. கிரீம் பூசிய அரைமணி நேரத்துக்குள் வெளியே போய் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் இருப்பது. மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்வதால் வலி மிகக் குறைவு, மெல்லிய புள்ளிகளில் பலனும் ஏறக்குறைய சமம். ஒளியியக்க சிகிச்சைக்குப் பின் தோல் அழகாக ஆறும், வீட்டில் தினமும் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஞாபகமறதி உள்ளவருக்கும், கை நடுங்கிக் களிம்பு பூச முடியாதவருக்கும், 38 என்ற எண் 75-ஐவிடச் சிறியதாக இருந்தாலும், நடைமுறையில் இதுவே பெரிய எண்ணாக இருக்கலாம்.

புதிய வரவு டிர்பானிபுலின். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் அனுமதி பெற்ற களிம்பு. நாளுக்கு ஒருமுறை, ஐந்தே நாள். எரிச்சல் பெரும்பாலும் லேசானது. இரண்டு ஆய்வுகளில் 44, 54 சதவீதம் பேருக்குப் புள்ளிகள் முழுதாக மறைந்தன. ஆனால் மறைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் திரும்பின. சோதித்த பரப்பும் சிறியது: 25 சதுர சென்டிமீட்டர், அதாவது ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் கட்டம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 75, 54, 44 என்று வரிசைப்படுத்தி டிர்பானிபுலின் மோசம் என்று முடிவுகட்டுவது தவறு. நெதர்லாந்து ஆய்வு அளந்தது புள்ளிகள் முக்கால் பங்கு குறைந்து ஓராண்டு நிலைப்பதை. டிர்பானிபுலின் ஆய்வு அளந்தது ஒரு புள்ளிகூட மிச்சமில்லாமல் இரண்டு மாதத்தில் மறைவதை. அளவுகோலே வேறு. ஒரே ஆய்வுக்குள் இருக்கும் எண்களைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும். யாராவது வெவ்வேறு மருந்துகளின் சதவீதங்களை ஒரே அட்டவணையில் காட்டினால், "எதை, எத்தனை மாதம் கழித்து அளந்தார்கள்?" என்று கேளுங்கள்.

எனக்கு ஆர்வம் தரும் ஒரு வழி, ஃப்ளூரோயுராசிலோடு கால்சிபோட்ரியால் என்ற சொரியாசிஸ் மருந்தைக் கலந்து நான்கே நாள் பூசுவது. 2017-இல் வெளியான, 131 பேர் பங்கேற்ற ஆய்வில் முகத்துப் புள்ளிகள் சராசரியாக 88 சதவீதம் குறைந்தன. கால்சிபோட்ரியால் சேராமல் அதே நான்கு நாள் பூசியவர்களுக்கு 26 சதவீதம். பங்கேற்றவர்களைப் பிறகு தொடர்ந்து பார்த்தபோது, மூன்று ஆண்டுகளில் முகத்திலும் தலையிலும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் கலவை பூசியவர்களில் 30 பேரில் 2 பேருக்கு வந்தது. மற்றவர்களில் 40 பேரில் 11 பேருக்கு. சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் நான்கு வாரத்தை நினைத்தே பின்வாங்குபவர், மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய வழி இது.

பேச வேண்டியவை

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வழுக்கைத் தலையில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். ஒருவர் ஓய்வு பெற்றவர், இரண்டு மாதம் எங்கும் போக வேண்டியதில்லை, பூசிவிட மனைவி இருக்கிறார், முன்பே ஒரு தோல் புற்றுநோயை அறுவை செய்து எடுத்தவர். அவருக்கு நான் தயக்கமில்லாமல் நான்கு வார ஃப்ளூரோயுராசிலைத்தான் சொல்வேன். இன்னொருவர் தினமும் நூறு பேர் முன்னால் நின்று பாடம் எடுப்பவர், தனியாக இருப்பவர், அடுத்த மாதம் மகளுக்குத் திருமணம். அவருக்கும் அதையே எழுதிக்கொடுத்தால் அது மருந்துப் பெட்டியில்தான் இருக்கும். திருமணம் முடியும்வரை தொப்பியும் சன்ஸ்கிரீனுமாகத் தள்ளிப்போட்டு, விடுமுறையில் தொடங்கலாம். அல்லது பகலொளி முறையைப் பார்க்கலாம். மருத்துவப் பதிவேட்டில் இருவருக்கும் ஒரே நோய்தான் எழுதியிருக்கும். திருமணத் தேதி அதில் இருக்காது.

ஆகவே நோயாளி தானாகவே சொல்ல வேண்டியவை சில: வரும் இரண்டு மாதத்தில் என்ன இருக்கிறது, யார் உதவிக்கு இருக்கிறார்கள், வலியைவிடத் தோற்றம் கவலையா, முன்பு எந்தச் சிகிச்சையைப் பாதியில் விட்டார். மருத்துவர் சொல்ல வேண்டியவை: எண்களை நூறு பேரில் இத்தனை பேர் என்று, ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து. "ஆபத்து பாதியாகக் குறையும்" என்பது இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைவதாகவும் இருக்கலாம், நாற்பதிலிருந்து இருபதாகவும் இருக்கலாம். கேட்பவருக்கு எப்படித் தெரியும்? பிறகு, "நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்க வேண்டும். நேரம் இல்லை என்று மருத்துவர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த நோயில் முடிவை இன்றே எடுக்க வேண்டியதில்லை. தகவலைக் கொடுத்து, வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லலாம். நோயாளி யோசித்துவிட்டு "நீங்களே சொல்லுங்கள் டாக்டர்" என்றால் அதுவும் அவருடைய முடிவுதான், மதிக்க வேண்டியதுதான்.

எந்த வழியை எடுத்தாலும் வெயிலிலிருந்து காத்துக்கொள்வது கூடவே வரும். ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வில் தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் புற்றுநோய்கள் சுமார் 40 சதவீதம் குறைவாக வந்தன. காத்திருக்க முடிவு செய்தவருக்கு இதுவே சிகிச்சை.

வெளியே வரும்போது கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். என்ன மருந்து, எந்த இடத்தில், எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் நிறுத்துவது, எவ்வளவு எரிந்தால் தாங்கலாம், எது வந்தால் உடனே அழைப்பது, எந்த எண்ணில். மறுபரிசோதனைத் தேதி சிகிச்சை முடிந்து சுமார் மூன்று மாதத்தில். அப்போதும் அதே இடத்தில் ஒரு புள்ளி விடாமல் நின்றால், மறுபடி அதே களிம்பை எழுதுவதற்கு முன் அதைப் பயாப்சி செய்ய வேண்டுமா என்று இருவரும் பேச வேண்டும்.